கடைக்குச் சொந்தமாக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்



பாலக்கோட்டில் எங்கள் மொத்த மளிகைக் கடைக்கு வரும் வியாபாரிகள் சிலர், கல்லா மேஜைக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் ஒரு சிறிய பெட்டியைப் பார்த்து, "என்னங்க இது, கேமரா பெட்டியா?" என்று கேட்கிறார்கள். "இல்லைங்க, இது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்" என்று சொன்னால் கேலி செய்கிறோம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். கேலி இல்லை, உண்மைதான். கடை, குடோன், மாரண்டஹள்ளியில் தம்பி கடை ஆகிய மூன்றிலும் இருக்கும் ஏழு டெலிபோன்களை அந்தப் பெட்டிதான் இணைக்கிறது. அதில் ஓடும் புரோகிராமுக்கு நாங்கள் ஒரு பைசா விலை கொடுக்கவில்லை. திருடியதும் அல்ல. இது எப்படி என்று நமது சங்கப் பத்திரிகையில் விளக்கி எழுதும்படி பலரும் கேட்டதால் எழுதுகிறோம். எங்கள் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். தம்பி மகனிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்து கொண்டதை நம் தொழில் பாஷையிலேயே சொல்கிறோம்.

முதலில் பழைய கதை கொஞ்சம். எங்கள் வயதுள்ளவர்களுக்கு டிரங்க்கால் நினைவிருக்கும். விருதுநகரில் பருப்பு விலை கேட்க வேண்டுமானால் காலையில் புக் செய்து விட்டு, சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் காத்திருப்போம். லைன் கிடைத்தால் மூன்று நிமிடம். சாதாரண கால் கிடைக்காவிட்டால் அர்ஜென்ட், அதுவும் இல்லையென்றால் பல மடங்கு கட்டணத்தில் லைட்னிங். விலை தெரிந்து ஆர்டர் கொடுப்பதற்குள் அங்கே விலை மாறியிருக்கும். பிறகு எஸ்.டி.டி. வந்தது. மஞ்சள் போர்டு பூத்துகளில் இரவு நேரம் ஆக ஆகக் கட்டணம் குறையும். 11 மணிக்கு மேல் கால் பங்குதான் என்பதால் அந்த நேரத்துக்குக் கூட்டம் நிற்கும். மூட்டைக்கு ரெண்டு ரூபாய் லாபம் பார்க்கும் வியாபாரத்தில் டெலிபோன் பில் ஒரு பெரிய செலவு. அந்தக் காலத்தில் இன்டர்நெட் வழியாகப் பேசலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்போம்.

இன்று நிலைமை வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு பேசுவதற்குத் தனிக் காசு என்பதே போய்விட்டது. ஆகவே 'இன்டர்நெட் டெலிபோன் வைத்தால் பில் மிச்சம்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பவேண்டாம். உள்ளூர்ப் பேச்சில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. எங்களை இதில் இறக்கியது வேறு ஒரு சங்கடம்.

எங்கள் கடையில் பதினோரு வருடம் இருந்த ஒருவர், ஆர்டர் எல்லாவற்றையும் தம்முடைய செல்போனில்தான் எடுப்பார். நல்ல உழைப்பாளி. சில்லறைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் நம்பர்தான் தெரியும். எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது. ஒரு தை மாதம் கணக்கு முடித்துக் கொண்டு, அடுத்த வாரமே அவர் தனிக் கடை போட்டார். அதில் தவறில்லை, நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் வெளியே வந்தோம். ஆனால் வாடிக்கைக்காரர்கள் எப்போதும் போல அதே நம்பருக்குப் போன் செய்தார்கள். சரக்கு அவர் கடையிலிருந்து போயிற்று. மூன்று மாதத்தில் முப்பது கடைக்கு மேல் கைவிட்டுப் போனது. பாதிப் பேருக்குத் தாங்கள் வேறு கடையில் வாங்குகிறோம் என்பதே தெரியாது. பழைய பாக்கி கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. நம்பர் கடையுடையதாக இருக்க வேண்டும், ஆளுடையதாக இருக்கக்கூடாது என்று அன்று புரிந்தது. "வாட்ஸ்அப் கால் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே எங்கள் பதில்.

அப்போது ஒரு கம்பெனியாரிடம் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச், அதாவது ஈ.பி.ஏ.பி.எக்ஸ். விலை கேட்டோம். பெட்டிக்கு ஒரு விலை. நாலு எக்ஸ்டென்ஷனுக்கு மேல் வேண்டுமானால் கார்டு தனி. அந்தக் கார்டும் அவர்களிடமே வாங்க வேண்டும். ரிப்பேருக்கும் அவர்கள் ஆளே சேலத்திலிருந்து வரவேண்டும். மாரண்டஹள்ளியை இணைக்க முடியுமா என்றால், அதற்கு வேறு மாடல். தம்பி மகன் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுக்கு இவ்வளவு வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க, நான் பண்ணிக் காட்டறேன்" என்றான்.

அவன் சென்னையில் இன்ஜினீயரிங் படித்தவன். அங்கே 'இந்தியன் லினக்ஸ் யூசர்ஸ் குரூப் சென்னை' என்று ஒரு கம்ப்யூட்டர் ஆர்வலர் குழு. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவார்கள். கட்டணம் கிடையாது, மெம்பர் அட்டை கிடையாது. ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். காஞ்சிபுரத்திலும் இப்படி ஒரு லினக்ஸ் குழு இருக்கிறது. அவர்கள் ஊர் ஊராக இருந்தபடியே இன்டர்நெட்டில் கூடித் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு உபயோகிப்பதே ஜிட்சி என்னும் இலவசப் பேச்சுப் புரோகிராம். 2003-ல் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய வேலை அது. நம் பிள்ளைகள் லீவு நாளில் ஊர் சுற்றாமல் கூடிக் கூடி என்ன பேசுகிறார்கள் என்று நாங்கள் ஒரு காலத்தில் சலித்துக் கொண்டதுண்டு. நம் சங்கக் கூட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிறது என்று பிறகு தெரிந்தது. (தலைவர் மன்னிக்கவும்.)

இந்தக் குழுக்கள் எல்லாம் 'ஓப்பன் சோர்ஸ்' என்று சொல்லும் முறையைப் பின்பற்றுகின்றன. அதை மசாலாப் பொடியை வைத்துச் சொன்னால் நமக்கு விளங்கும். பாக்கெட்டில் வரும் பொடியை வாங்கினால் ருசி கிடைக்கும், பக்குவம் கிடைக்காது. கம்பெனி நிறுத்திவிட்டால் அந்த ருசி அதோடு போயிற்று. ஓப்பன் சோர்ஸ் என்பது பொடியோடு பக்குவத்தையும் எழுதிக் கையில் கொடுப்பது. மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எந்தப் பதத்தில் வறுப்பது எல்லாம் அதில் இருக்கும். காரம் அதிகம் என்றால் நாமே குறைக்கலாம். அரைத்து விற்கவும் செய்யலாம். பலவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு, நாம் விற்கும் பொடிக்கும் பக்குவத்தை மறைக்கக் கூடாது. இந்த நிபந்தனையைச் சட்டப் பத்திரமாகவே எழுதி வைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர். 1983-ல் அவர் ஆரம்பித்த இயக்கம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது.

டெலிபோன் விஷயத்துக்கு வருவோம். 1999-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், லினக்ஸ் பற்றி டெலிபோனில் ஆலோசனை சொல்லும் ஒரு சிறு கம்பெனி ஆரம்பித்தார். வருகிற போனை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்க ஒரு எக்ஸ்சேஞ்ச் தேவை. விலை கேட்டார், கட்டுப்படியாகவில்லை. எங்கள் நிலைதான்! நாங்கள் கொட்டேஷனை மடித்து வைத்தோம், அவர் எக்ஸ்சேஞ்சையே கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதிவிட்டார். அதன் பெயர் ஆஸ்டரிஸ்க், டெலிபோன் பட்டனில் இருக்கும் நட்சத்திரக் குறி. எழுதியதைப் பூட்டி வைக்காமல் பக்குவத்தோடு உலகத்துக்குக் கொடுத்தார். சாதாரண டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரில் சொருகும் கார்டை ஜிம் டிக்சன் என்பவர் தயாரித்து, அதன் வரைபடத்தையும் அதேபோல வெளியிட்டிருந்தார். இரண்டும் சேர்ந்தன. உலகமெங்கும் ஆட்கள் குறை கண்டுபிடித்துத் திருத்தி அனுப்ப, 2004-ல் 1.0 என்ற முதல் முழுப் பதிப்பு வந்தது. ஸ்பென்சரின் கம்பெனி டிஜியம் என்று பெயர் பெற்று, 2018-ல் கனடாவின் சங்கோமா கம்பெனிக்குக் கைமாறியது. முதலாளி மாறினார், புரோகிராம் இன்றும் இலவசமாகத்தான் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2003-ல் ஸ்கைப் வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எல்லாம் அதுதான். 2011-ல் மைக்ரோசாப்ட் அதை 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே 5-ல் மூடிவிட்டது. பக்குவம் அவர்களிடம் மட்டுமே இருந்ததால், வேறு யாரும் எடுத்து நடத்த வழியில்லை.

பேச்சு எப்படிக் கம்பியில் போகிறது?

பழைய டெலிபோனில் நாம் விருதுநகருக்குப் பேசும்போது, பாலக்கோட்டிலிருந்து விருதுநகர் வரை ஒரு பாதை முழுவதும் நமக்கென்று ஒதுக்கப்படும். பேசினாலும் பேசாமல் மூச்சு விட்டுக் கொண்டிருந்தாலும் பாதை நம்முடையது. ஒரே ஒரு மூட்டைக்காக ஒரு லாரியை முழு வாடகைக்குப் பிடிப்பது போல. இன்டர்நெட் என்பது பார்சல் சர்வீஸ். எல்லோருடைய சரக்கும் ஒரே லாரியில் ஏறும், விலாசம் பார்த்து ஆங்காங்கே இறங்கும்.

நம் குரலைக் கம்ப்யூட்டர் எண்களாக்கி, ஒரு செகண்டை 50 துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் 20 மில்லி செகண்ட் பேச்சு. ஒவ்வொன்றையும் ஒரு பார்சலாகக் கட்டி, வரிசை எண் போட்டு, விலாசம் ஒட்டி அனுப்புகிறது. எதிர்முனை வரிசை எண் பார்த்து அடுக்கிக் குரலாக்குகிறது. ஜி.711 என்னும் பழைய முறையில் ஒரு துண்டுக்குப் பேச்சு 160 பைட். விலாசச் சீட்டு மட்டும் 40 பைட். ஜி.729 என்னும் சிக்கன முறையில் பேச்சை 20 பைட்டாக நசுக்கி விடுகிறார்கள். ஆனால் விலாசச் சீட்டு அதே 40 பைட்தான்! சரக்கு 20 கிலோ, சாக்கு 40 கிலோ என்பது போல. சாக்கு எடை கழிக்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். பேச்சை எட்டில் ஒரு பங்காக நசுக்கினாலும், மொத்தப் பாரம் 80-லிருந்து 24 கிலோபிட் வரைதான் இறங்குகிறது. ஜி.729-க்கு ஒரு காலத்தில் ராயல்டி கட்ட வேண்டியிருந்தது, 2017-ல் பேட்டன்ட் முடிந்தது. இப்போது பைபர் லைன் வந்தபின் 80 கிலோபிட் என்பது ஒன்றுமே இல்லை. ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினாலும் போக 240, வர 240 கிலோபிட். எங்கள் லைனில் அது ஒரு மூலைக்குக் காணாது.

பார்சல் லாரி சில நாள் முன்னே வரும், சில நாள் பின்னே வரும். பேச்சிலும் அப்படியே. அதனால் எதிர்முனையில் வந்ததும் ஒலிக்காமல், சில துண்டுகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு சீராக வெளியே விடுகிறார்கள். லாரி ஒரு நாள் தாமதித்தால் கடை காலியாகாமல் இருக்க நாம் பத்து மூட்டை பின்கட்டில் வைத்துக் கொள்வதில்லையா? ஆனால் இருப்பு அதிகம் வைத்தால் பேச்சு தாமதமாகிவிடும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் தெரியாது. அதைத் தாண்டப் போனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "ஹலோ ஹலோ" என்று மோதிக் கொள்வார்கள். ரொம்பத் தாமதமாக வரும் துண்டை வாங்காமலே தள்ளிவிடுகிறார்கள், அழுகிய தக்காளி போல. ஒன்றிரண்டு போனால் காதுக்குத் தெரியாது, பத்தில் ஒன்று போனால் குரல் வெட்டும்.

இதில் 'சிப்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அது தரகர் வேலை. யாருக்கு யார் பேச வேண்டும், எந்த விலாசத்தில் இருக்கிறார், மணி அடிக்கலாமா, எடுத்தாரா, வைத்தாரா என்று பேசி முடிப்பது சிப். பேச்சு போகிற பாதை அதற்குத் தனி. இந்த முறையும் பொதுவானது. 1999-ல் வெளியிடப்பட்டு 2002-ல் திருத்தி எழுதப்பட்டது. எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் சிப் தெரிந்தால் எங்கள் பெட்டியோடு பேசும். நீங்கள் வைத்திருக்கும் 4ஜி செல்போனின் வோல்ட்டி பேச்சுக்குள்ளும் இதே சிப்தான் ஓடுகிறது. தெரியாமலே எல்லோரும் இன்டர்நெட் முறையில்தான் பேசிக் கொண்டிருக்கிறோம்.

தரகர் வேலை சரியாக முடிந்தும் சரக்கு வந்து சேராத கதை ஒன்று எங்களுக்கு நடந்தது. மாரண்டஹள்ளிக்குப் போட்டால் மணி அடிக்கும், தம்பி எடுப்பார். எங்கள் குரல் அவருக்குக் கேட்கும், அவர் குரல் எங்களுக்குக் கேட்காது. நாலு நாள் மண்டை காய்ந்தது. காரணம், எங்கள் மோடத்துக்கு உள்ளே இருக்கும் பெட்டிக்கு உள் விலாசம்தான் உண்டு. 'பின்கட்டு, மூன்றாவது ரூம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போஸ்ட்மேன் எந்தத் தெருவுக்குப் போவார்? வெளி விலாசத்தையும் சேர்த்துச் சொல்லும்படி ஒரு வரி எழுதியதும் சரியாயிற்று. அந்த ஒரு வரியைத் தம்பி மகனுக்குச் சொன்னது அந்தக் குழு நண்பர் ஒருவர், இரவு பத்து மணிக்கு. பீஸ் கேட்கவில்லை. மாம்பழ சீசனில் ஒரு பெட்டி அனுப்பினோம்.

கடையில் என்ன செய்கிறது?

வெளியாருக்கு ஒரே நம்பர், கடை நம்பர். லைசென்ஸ் உள்ள கம்பெனியிடம் வாங்கிய 'சிப் டிரங்க்' வழியாக வருகிறது. போன் வந்தால் கடையில் மணி அடிக்கும். இருபது செகண்டில் எடுக்காவிட்டால் குடோனில், அதற்கும் பிறகு எங்கள் செல்லில். வீட்டில் கிடந்த பழைய செல்போன் மூன்றில் லின்போன் என்ற இலவசப் புரோகிராமைப் போட்டு, வை-பையில் எக்ஸ்டென்ஷனாக வைத்திருக்கிறோம். ஆள் மாறினாலும் அந்த போன் கடையிலேயே இருக்கும். ஆர்டர் பேச்சு பதிவாகிறது, பதிவாகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்து மூட்டை சொன்னாரா, பதினாறு சொன்னாரா என்ற சண்டை அதோடு நின்றது. பத்தும் பதினாறும் டெலிபோனில் எப்படிக் குழம்பும் என்று கேட்காதீர்கள், லாரி ஷெட் சத்தத்தில் எல்லாம் குழம்பும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது விலைப் பதிவு. முன்பெல்லாம் காலை ஏழு முதல் ஒன்பது வரை "துவரம்பருப்பு என்ன, சர்க்கரை என்ன, எண்ணெய் என்ன" என்றே போன் வரும். சொன்னதையே அறுபது தடவை சொல்ல வேண்டும். இப்போது காலை ஆறே முக்காலுக்கு ஒரு தடவை விலைகளைச் சொல்லிப் பதிவு செய்து விடுகிறோம். 1-ஐ அழுத்தினால் தமிழ், 2-ஐ அழுத்தினால் தெலுங்கு, 3-ஐ அழுத்தினால் கன்னடம். நம் பக்கத்துக் கிராமங்களுக்கு மூன்றும் வேண்டும். 9-ஐ அழுத்தினால் ஆள் வருவார். பட்டன் செல் போதும், ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கேட்டுக் கொள்வார். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 2010-ல் சத்தீஸ்கரில் 'சிஜிநெட் ஸ்வரா' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். காட்டுப் பகுதி மக்கள் சாதாரண போனில் கூப்பிட்டுத் தங்கள் ஊர்ச் செய்தியைப் பதிவு செய்யலாம், மற்றவர் சொன்னதைக் கேட்கலாம். அதன் அடியிலும் ஆஸ்டரிஸ்க்தான். குஜராத்தில் விவசாயிகள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் 'அவாஜ் ஓடலோ' அதற்கும் முன்பே நடந்தது.

ஆரம்பத்தில் முதல் வாரம் கஷ்டம். தம்பி மகன் கம்ப்யூட்டர் குரலில் விலை போட்டிருந்தான். "மெஷின் பேசுது" என்று பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். பஞ்சப்பள்ளிப் பக்கம் பெட்டிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா நேரிலேயே வந்து, "ஏண்ணா, பேச்சை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். அன்று முதல் எங்கள் சொந்தக் குரல்தான். இருமல் வந்தால் இருமலோடு.

சட்டம்

இதை யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம். 2002 ஏப்ரல் 1-ல்தான் நம் நாட்டில் இன்டர்நெட் பேச்சு அனுமதிக்கப்பட்டது. அப்போதும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசலாம், கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு டெலிபோனுக்குப் பேசலாம், உள்நாட்டு டெலிபோனுக்குப் பேசக்கூடாது என்று நிபந்தனை. லைசென்ஸ் உள்ள டெலிபோன் கம்பெனிகள் இன்டர்நெட் வழியாக எந்த நம்பருக்கும் சேவை தரலாம் என்று தெளிவாக்கியது 2018-ல்தான். அந்த வருடமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்று ஒன்றை அறிவித்தது. ஆகவே நம் கடைக்கும் நம் குடோனுக்கும் இடையே பேசுவது நம் சொந்த விஷயம். வெளி நம்பரோடு இணைப்பது லைசென்ஸ் உள்ள கம்பெனி வழியாக, நம் ஆதார், ஜி.எஸ்.டி. கொடுத்துத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. "மாடி ரூம் காலியாத்தானே இருக்கு? ஒரு சின்ன மெஷின் வைக்கணும். கரண்டு, இன்டர்நெட் போதும். மாசம் எட்டாயிரம்" என்றார். மாடியில் காலி சாக்குதான் கிடந்தது. ஒரு நிமிடம் ஆசைதான் வந்தது. தம்பி மகனிடம் கேட்டபோது பதறிவிட்டான். அது 'சிம் பாக்ஸ்'. வெளிநாட்டிலிருந்து வரும் பேச்சை இன்டர்நெட்டில் கொண்டுவந்து, பல சிம் கார்டுகள் வழியாக உள்ளூர் பேச்சு போல வெளியே விடும் பெட்டி. வெளிநாட்டுப் பேச்சுக்கு நம் நாட்டுக் கம்பெனிக்கு நிமிடத்துக்கு ஒரு தொகை சேர வேண்டும். 2018 பிப்ரவரியில் அது 30 காசாக வைக்கப்பட்டது, 2020 மே முதல் 35 காசிலிருந்து 65 காசுக்குள் என்று மாற்றினார்கள். அந்தக் காசை விழுங்குவதுதான் தொழில். அதைவிட மோசம், யார் எங்கிருந்து பேசினார் என்பதே மறைந்துவிடும். மிரட்டலும் மோசடியும் அந்த வழியில் வந்தால் போலீஸ் வருவது நம் மாடிக்குத்தான். 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள 2023-ஆம் வருடத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் சேவை நடத்தினால் 3 வருடம் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாடி காலியாக இருக்கும் நண்பர்கள் யோசித்துக் கொள்ளவும்.

எங்கள் தவறு

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபமாக 101-ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே பாஸ்வேர்டு வைக்கச் சொன்னோம். தம்பி மகன் வேண்டாம் என்றான், நாங்கள்தான் பிடிவாதம். ஒரு ஞாயிறு இரவு யாரோ அதற்குள் நுழைந்து, விடிவதற்குள் பேர் தெரியாத தேசங்களுக்கெல்லாம் எங்கள் கணக்கில் பேசிவிட்டார்கள். பாலக்கோட்டில் இப்படி ஒரு பெட்டி இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். தெரிய வேண்டாம், இன்டர்நெட்டில் ஒவ்வொரு விலாசமாகக் கதவைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடுகின்றன, திறந்த கதவு கிடைத்தால் நுழையும், அவ்வளவுதான். முன்பணம் கட்டும் கணக்காக இருந்ததால் 1,800 ரூபாயோடு போயிற்று. மாதக் கடைசியில் பில் வரும் கணக்காக இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ. இப்போது நீளமான பாஸ்வேர்டு. வெளிநாட்டு நம்பர் முழுவதும் தடை. தப்புப் பாஸ்வேர்டோடு மூன்று தடவை தட்டினால் அந்த விலாசத்தையே அடைத்துவிடும் 'பெயில்டுபேன்' என்ற காவல் புரோகிராமும் போட்டிருக்கிறது. அதுவும் இலவசம்தான்.

இன்னொன்று கரண்டு. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். இதற்கு அப்படி இல்லை. பெட்டிக்கு, மோடத்துக்கு, போனுக்கு என்று எல்லாவற்றுக்கும் யு.பி.எஸ். வேண்டும். குடோனில் அதை மறந்துவிட்டு, மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க ஆர்டர் வராமல் உட்கார்ந்திருந்தோம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசரத்துக்கு ஒரு சாதாரண செல்லைத் தனியாக வைத்துக் கொள்வது நல்லது.

செலவு என்று பார்த்தால், பழைய கம்ப்யூட்டரில் ஆரம்பித்து, அது கரண்டு குடிக்கிறது என்பதால் பிறகு உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை பெட்டிக்கு மாறினோம். மேஜை போன் இரண்டு மட்டும் புதிதாக வாங்கியது. மற்றதெல்லாம் கிடந்த சாமான். வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இல்லாதவர்கள் தானே செய்யப் போய்ச் சிரமப்பட வேண்டாம், கூலி கொடுத்தே ஆளை வைத்துச் செய்யலாம். ஆனால் செய்து முடித்ததும் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுதி வாங்கிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் நம்பர் ஆளோடு போனது போலப் பெட்டியும் ஆளோடு போய்விடும்.

கைவிட்டுப் போன முப்பது கடையில் பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன. தனிக் கடை போட்டவரும் சென்ற மாதம் வந்து பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, தம் கடைக்கும் ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். தம்பி மகன் எங்கள் முகத்தைப் பார்த்தான். பக்குவம் மறைக்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை, போட்டுக் கொடு என்றோம். அடுத்த வாரம் போகிறான். பார்க்க விரும்பும் மற்ற நண்பர்களும் மதியம் மூன்று மணிக்கு மேல் கடைக்கு வரலாம். சந்தை நாளில் மட்டும் வேண்டாம்.